கடைமடை

நாலு மணிக்கு முன்னால்
வியாசர்பாடிக்குச் சொந்தக்காரன் யாரும் இல்லை.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு சரக்கு ரயில்
தன் பெட்டிகளைத் தானே எண்ணிக்கொண்டு போகும்.
இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்து
எட்டாவது தெரு முனைக்கு வருவேன்.
சேம்பர் மூடியைத் தூக்கினால்
முதலில் கரப்பான்,
பிறகு குளோரின் வாடை,
பிறகு இருட்டு.

முப்பத்திரண்டு சுற்று.
இந்த வால்வுக்கு அதுதான் கணக்கு.
அவசரப்பட்டால் பழைய குழாய் உதறும்,
எங்கோ ஓர் இணைப்பு வாய் பிளக்கும்.
ஆகவே சுற்றுக்கு ஒரு மூச்சு,
மூச்சுக்கு ஒருதரம் உன் பெயர்.
எந்தப் பெயர் என்று ஊரார் கேட்டால் சொல்லமாட்டேன்.
உனக்குத் தெரியும்.

தாழ்வான வீடுகள் நிரம்ப இருபது நிமிஷம்.
அதன்பின் இதை மூடி
மேட்டு வால்வைத் திறக்க வேண்டும்.
அதுவரை சாக்கை விரித்து உட்காருவேன்.
சம்மணம் போட முட்டி விடாது,
காலை நீட்டிக்கொண்டுதான்.
அடியில் புழல் ஏரி ஓடுகிறது,
என்னைக் கேட்டுக்கொண்டு ஓடவில்லை.
கொசு கடிக்கும். அடிப்பேன். மறுபடி பெயர்.
சீட்டுப் பணம் ஞாபகம் வரும்,
வந்துவிட்டுப் போகட்டும். மறுபடி பெயர்.
எனக்குத் தெரிந்த தியானம் இவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்கழியில் ஒருநாள்
டீக்கடை யூசுப் பாயிடம் சொல்லிவிட்டேன்:
"பதினோரு வருஷம் பாய், ஒருநாள் தவறல.
இப்பல்லாம் உட்கார்ந்ததுமே உள்ள வெளிச்சம்."
பால் சட்டியைக் கிளறிக்கொண்டே
"நல்லது" என்றார்.
அந்த நல்லது எனக்குப் போதவில்லை.
டிப்போவில் கையெழுத்துப் போடும்போது சொன்னேன்.
மைத்துனனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் யாரோ பார்க்கிற மாதிரி
முதுகு தானாக நிமிர்ந்தது.
முட்டிகூட மடங்கியது.
பெயர் வந்தது. ஆனால் காதில் விழுந்ததெல்லாம்
அதைச் சொல்கிறவனின் குரல்.
நல்ல குரல்தான்.
அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.
கண் திறந்தபோது பம்பு நின்றிருந்தது.
தாழ்வில் சாக்கடை வரை தண்ணீர்.

மேட்டில், கடைசி வீட்டில்,
காய்ந்த குழாய்க்கு முன்னால்
நாலு குடத்தோடு ஆரோக்கியசெல்வி.
ஏழு மணிக்கு அவள்
ஆஸ்பத்திரி வார்டு கழுவப் போக வேண்டும்.
திட்டுவாள் என்று நின்றேன்.
பதில்கூடத் தயார்:
கரண்டு, மோட்டார், மேலே இருக்கிறவர்கள்.

அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.
"உடம்புக்கு முடியலையாண்ணே?
இத்தினி வருஷத்துல மறந்ததே இல்லியே."
பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு
"செத்த உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.
அந்தப் பக்கெட்டின் மேல்
எனக்குப் பெயர் வரவில்லை.
மூச்சு மட்டும் வந்தது,
அதுவும் ஒழுங்காக வரவில்லை.
நீ எங்கே இருந்தாய் என்று
நான் கேட்கவும் இல்லை.

அடிபம்பில் ரெண்டு குடம் அடித்துக் கொடுத்தேன்.
உப்புத் தண்ணி,
துவைக்க ஆகும், குடிக்க ஆகாது.

இன்றைக்கும் முப்பத்திரண்டு சுற்று.
உள்ளே வெளிச்சமா இருட்டா என்று
எட்டிப் பார்ப்பதில்லை.
நேரம் ஆனதும் எழுந்துவிடுகிறேன்.
பெயர் பாதியில் அறுந்தால் அறுந்ததுதான்;
நீ கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.
மேட்டு வால்வைத் திறந்துவிட்டு
கடைசி வீட்டுச் சுவர் வரை நடப்பேன்.

ராத்திரியே வைத்த குடம் குழாயடியில் இருக்கும்.
முதலில் காற்று சீறும்,
பிறகு குழாய் இருமும்,
துரு நிறத்தில் கொஞ்சம் துப்பும்,
பிறகு தண்ணீர்.
வெறுங்குடத்தில் அது விழும் சத்தம்
கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து
நிறைகிற சத்தமாக மாறும்வரை
நிற்பேன்.
உள்ளே விளக்கு எரிவதற்குள்
நகர்ந்துவிடுவேன்.